கடிதத்தைக் காட்டியவர்களும் கணினியைத் திறந்து பார்த்தவர்களும்

பெருமுதலாளிகளின் நாளேடுகளையும் இருபத்து நான்கு மணி நேரச் செய்தித் தொலைக்காட்சிகளையும் கைவிட்டு, வாசகர் சந்தாவில் நடக்கும் சிறு ஊடகங்களை நோக்கி மக்களில் ஒரு பகுதியினர் ஏன் செல்கின்றனர்? இக்கேள்விக்கு ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தமக்குப் பிடித்த கருத்தைக் கேட்பதற்காகச் செல்கிறார்கள் என்பதே அந்தப் பதில். அதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆனால் புனே நகரில் 2018 தொடங்கி நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும் எவரும் வேறொரு பதிலுக்கே வந்து சேருவர்.

புனேயில் வாழும் நம் தோழர்களுக்கு வானவடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும் ராணுவக் குடியிருப்புகளும் அடுக்குமாடிகளும் சூழ்ந்த அப்பகுதியில்தான் மராத்தியத் தளபதி மகாத்ஜி ஷிண்டே 1794இல் மறைந்தார். அவருக்கு எழுப்பப்பட்ட நினைவு மண்டபத்தைச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் வந்து பார்க்கின்றனர். நகருக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், பீமா ஆற்றங்கரையில் இன்னொரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்துப் போரிட்டு மடிந்த, மகர் சமூகத்தைச் சேர்ந்த பலர் உள்ளிட்ட படைவீரர்களின் பெயர் பொறித்த தூண் அது. தளபதியின் மண்டபத்துக்குச் செல்பவர்களை யாரும் கல்லால் அடிப்பதில்லை. தூணுக்கு மரியாதை செலுத்தச் சென்ற தலித் மக்கள்மீது 2018 ஜனவரி 1 அன்று தாக்குதல் நடந்தது. வன்முறையில் ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

மறுநாளே, இந்துத்துவா அமைப்புகளின் தலைவர்களான மிலிந்த் எக்போட்டே, சம்பாஜி பிடே ஆகியோர்மீது முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. எக்போட்டே, உச்சநீதிமன்றம் முன்பிணை மறுத்த பிறகு மார்ச் மாதத்தில் கைது செய்யப்பட்டு, சில வாரங்களில் பிணையில் வெளிவந்தார். பிடே கைது செய்யப்படவே இல்லை. ஜனவரி 8 அன்று விஷ்ராம்பாக் காவல் நிலையத்தில் வேறொரு முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. டிசம்பர் 31 அன்று சனிவார்வாடாவில் நடந்த எல்கார் பரிஷத் மாநாட்டுப் பேச்சுகளே வன்முறைக்குக் காரணம் என்றது அது. வழக்கு அந்தத் தடத்திலேயே ஓடியது. ஜூன் 6 அன்று ரோனா வில்சன், சுரேந்திர காட்லிங், ஷோமா சென், மகேஷ் ராவத், சுதிர் தவலே ஆகிய ஐவர் கைதாயினர். ஆகஸ்ட் 28 அன்று சுதா பரத்வாஜ், வரவர ராவ், கௌதம் நவ்லகா, அருண் பெரேரா, வெர்னன் கன்சால்வஸ் ஆகியோர் கைதாயினர்.

இந்த இடத்தில்தான் ஊடகங்களின் கதை தொடங்குகிறது. முதல் ஐவர் கைதான இரண்டொரு நாள்களிலேயே, பிரதமரைக் கொல்ல மாவோயிஸ்டுகள் தீட்டிய திட்டம் என்று ஒரு கடிதம் நாடெங்கும் திரைகளில் ஓடியது. அக்கடிதம் அரசுத் தரப்பு புனே நீதிமன்றத்தில் குறிப்பிட்டது. யார் எழுதியது, யாருடைய கணினியில் எந்த நாளில் உருவானது, அதைத் தடயவியல் நிபுணர்கள் சோதித்தார்களா என்று கேட்பதற்குப் பெரும்பாலான தொலைக்காட்சிகளில் நேரம் இல்லை. ஜூலை 4 அன்று ரிபப்ளிக் தொலைக்காட்சி, சுதா பரத்வாஜ் எழுதியது என்று வேறொரு கடிதத்தைக் காட்டியது. அது முழுக்கப் புனையப்பட்டது என்று அவர் மறுத்தார். சத்தீஸ்கர் தொழிலாளர்களுக்காக வாழ்நாளைச் செலவிட்ட அந்த வழக்கறிஞரை, எட்டு வாரங்களுக்குள் காவல்துறை வந்து கைது செய்தது. முதலில் திரையில் தீர்ப்பு, பிறகு கைது என்ற வரிசை அன்று முதல் நமக்குப் பழகிப்போயிற்று.

ஆகஸ்ட் 31 அன்று மகாராஷ்டிரக் காவல்துறையின் கூடுதல் தலைமை இயக்குநர் பரம்பீர் சிங் செய்தியாளர்களைக் கூட்டி, நீதிமன்றத்தில் இன்னும் சோதிக்கப்படாத கடிதங்களை வாசித்துக் காட்டினார். வழக்கு நிலுவையில் இருக்கும்போது காவல்துறை இப்படிச் செய்தியாளர் கூட்டம் நடத்துவது எப்படி என்று மும்பை உயர்நீதிமன்றம் அடுத்த சில நாள்களில் கேட்டது. உச்சநீதிமன்றத்தில் ரொமிலா தாப்பர் முதலானோர் தொடுத்த வழக்கு செப்டம்பர் 28 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தள்ளுபடியானது. எனினும் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட், காவல்துறை ஊடகங்கள் வழியாகப் பொதுக்கருத்தை உருவாக்க முனைந்ததைக் கடுமையாகக் குறை கூறினார். நீதிபதிக்குத் தெரிந்த இந்த அடிப்படை ஒழுங்கு, செய்தி ஆசிரியர்களுக்குத் தெரியாததன்று.

இதே பரம்பீர் சிங் 2020 அக்டோபரில் மும்பை மாநகரக் காவல் ஆணையராக இன்னொரு செய்தியாளர் கூட்டம் நடத்தினார். பார்வையாளர் எண்ணிக்கையை மோசடியாக உயர்த்திக் காட்டியதாக அன்று அவர் குற்றம் சாட்டிய நிறுவனங்களில் ரிபப்ளிக்கும் ஒன்று. ரிபப்ளிக் உடனே மறுத்தது. இது பழிவாங்கல் என்றது. அந்த வழக்கு பின்னர் திரும்பப் பெறப்பட்டது. காவல்துறை சொல்வது உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதை அந்த நிறுவனம் அன்று நன்றாகவே அறிந்திருந்தது!

எல்கார் பரிஷத் மாவோயிஸ்டுகளின் பணத்தில் நடந்தது என்று நாள்தோறும் முழங்கியவர்கள், அதை நடத்தியது யார் என்று விசாரித்திருக்கலாம். அதிகத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.பி. சாவந்த் புனேயிலேயே வாழ்ந்தார். தாமும் மும்பை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.ஜி. கோல்சே பாட்டிலும்தான் மாநாட்டின் முதன்மை அமைப்பாளர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். சிறு ஊடகங்கள் அதைக் கேட்டு எழுதின. பெரிய தொலைக்காட்சிகளின் இரவு விவாதங்களில் அந்தச் செய்திக்கு இடம் கிடைக்கவில்லை.

சாவந்த் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் தலைவராகவும் இருந்தவர். 2008 செப்டம்பரில், வருங்கால வைப்பு நிதி ஊழல் பற்றிய செய்தியில் வேறொரு நீதிபதியின் படத்துக்குப் பதிலாக இவருடைய படத்தை டைம்ஸ் நவ் சில விநாடிகள் காட்டிவிட்டது. அவர் தொடுத்த மானநஷ்ட வழக்கில் புனே நீதிமன்றம் 2011 ஏப்ரலில் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்தத் தொகை மிகை என்று அன்று பலர் எழுதினர். பத்திரிகைச் சுதந்திரத்தின் பார்வையில் அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஆயினும், சில விநாடிகள் தவறான படத்தைக் காட்டியதற்கு ஒரு முன்னாள் நீதிபதியால் நீதிமன்றம் செல்ல முடிந்தது. மாதக்கணக்கில் ‘நகர்ப்புற நக்சல்’ என்று முத்திரை குத்தப்பட்டுச் சிறையில் கிடந்தவர்கள் எங்கே செல்வது?

கடிதங்களைத் திரையில் காட்டியவர்கள் செய்யாத வேலையை 2019, 2020ஆம் ஆண்டுகளில் ‘கேரவன்’ என்ற ஆங்கில இதழ் செய்தது. குற்றம் சாட்டப்பட்டோரிடம் நீதிமன்றம் வழி ஒப்படைக்கப்பட்ட வன்தட்டுப் பிரதியை அதன் செய்தியாளர்கள் திறந்து ஆராய்ந்தனர். வெளியிலிருந்து ஒருவர் கணினியை இயக்க வழிசெய்யும் ஊடுருவல் மென்பொருள் ரோனா வில்சனின் வன்தட்டில் இருந்ததை 2020 மார்ச்சில் எழுதினர். ஓராண்டு கழித்து, 2021 பிப்ரவரியில், ஆர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் அந்தக் கணினி 22 மாதங்கள் ஊடுருவலுக்கு உள்ளாகியிருந்தது என்றும், வழக்கின் முக்கிய ஆவணங்கள் அவ்வழியே உள்ளே வைக்கப்பட்டவை என்றும் அறிக்கை அளித்தது. அதை முதலில் வெளியிட்டது ‘வாஷிங்டன் போஸ்ட்’. சில நாள்களில், பிப்ரவரி 15 அன்று, சாவந்த் காலமானார்.

ஸ்டேன் சுவாமியை நாம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் உழைத்த பாதிரியார் அவர். 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்யப்பட்டபோது வயது 83. நடுக்குவாத நோயால் குவளையைக் கையில் பிடிக்க இயலாதவர், உறிஞ்சு குழலுள்ள குவளை வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. பதில் சொல்லவே தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் பெற்றது. 2021 ஜூலை 5 அன்று, பிணை மனு நிலுவையில் இருக்கையில், கைதியாகவே மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கணினியைப் பற்றிய ஆர்செனல் அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அதில் திணிக்கப்பட்டிருந்தன என்றும், 2019 ஜூனில் காவல்துறை கணினியைப் பறிமுதல் செய்வதற்கு முந்தைய நாள் ஊடுருவியவர் தடயங்களை அழிக்க முயன்றார் என்றும் அது கூறியது. ஊடுருவியவருக்கு மறுநாள் பறிமுதல் நடக்கப்போவது எப்படித் தெரிந்தது?

புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. நீதிமன்றம் இன்னும் அவற்றைச் சோதித்து முடிவு சொல்லவில்லை. நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2023 ஜூலை 28 அன்று கன்சால்வஸ், பெரேரா இருவருக்கும் பிணை வழங்கிய உச்சநீதிமன்றம், பிறருடைய கருவிகளிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கடிதங்களின் சான்று மதிப்பு பலவீனமானது என்றே கூறியது. ரோனா வில்சனும் சுதிர் தவலேயும் ஆறரை ஆண்டுக்கு மேல் சிறையிலிருந்த பிறகு 2025 ஜனவரியில் மும்பை உயர்நீதிமன்றத்தில் பிணை பெற்றனர். அதுவரை குற்றச்சாட்டு வனையப்படவே இல்லை. பட்டியலில் முந்நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள்.

பெரிய ஊடகங்களில் திறமையான செய்தியாளர்கள் இல்லை என்பதல்ல நம் வாதம். இருக்கிறார்கள், அவர்களுடைய செய்திகள்தான் பக்கத்துக்கு வருவதில்லை. அரசு விளம்பரம் நின்றால் கணக்கு உதைக்கும். 2019 ஜூனில் மூன்று பெரிய பத்திரிகைக் குழுமங்களுக்கு ஒன்றிய அரசு விளம்பரத்தை நிறுத்தியதாகச் செய்தி வந்தது. ரபேல் பேரத்தைப் பற்றி எழுதிய ‘தி இந்து’வும் அவற்றில் ஒன்று. முதலாளிக்குத் துறைமுகமும் தொலைத்தொடர்பும் இருந்தால் விளம்பரம்கூடத் தேவையில்லை. நெட்வொர்க்18 குழுமம் 2014இல் அம்பானி கைக்குப் போனது. என்டிடிவி 2022இல் அதானி கைக்குப் போனது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ மட்டும் என்ன, அமேசான் முதலாளியின் பத்திரிகைதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. புனேக் காவல்துறையிடமோ தில்லி அரசிடமோ அந்தப் பத்திரிகை எதையும் எதிர்பார்த்து நிற்கவில்லை என்பதே வேறுபாடு. தன் முதலாளி வணிகம் செய்யும் நாட்டு அரசின்மீது அதே பத்திரிகை எவ்வளவு துணியும் என்பதை அமெரிக்க வாசகர்கள் தனியே கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

புனே மண்ணுக்கு இது புதிதன்று. ஜோதிபா பூலேயின் சத்யசோதக் இயக்கத்தின் குரலாகக் கிருஷ்ணராவ் பாலேகர் 1877இல் ‘தீனபந்து’ இதழை இந்நகரில்தான் தொடங்கினார். புனேயில் தொடர்ந்து நடத்த இயலாமல், 1880இல் அது பம்பாய்க்குச் சென்று நாராயண் மேகாஜி லோகண்டேயின் கைக்கு வந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களை அமைப்பாகத் திரட்டி, 1890இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை வென்றெடுத்தவர் அதே லோகண்டே. 1920 ஜனவரியில் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, அதற்கான அறிவிப்பைக் காசு கொடுத்த விளம்பரமாகக்கூட வெளியிடப் புனேயின் ‘கேசரி’ மறுத்தது. அன்றைய பெரிய ஊடகம் அது.

சிறிய ஊடகம் என்பதாலேயே அது சொல்வது உண்மையாகிவிடாது. ‘தி வயர்’ 2022 அக்டோபரில் மெட்டா நிறுவனத்தைப் பற்றி வெளியிட்ட செய்திகளைத் தவறென்று கண்டு திரும்பப் பெற்று, வாசகரிடம் மன்னிப்புக் கேட்டது. ஜூன் 2018 கடிதச் செய்திகளுக்கு அப்படியொரு திருத்தத்தை எந்தப் பெரிய தொலைக்காட்சியிலும் நாம் கண்டதில்லை. அதோடு, யூடியூபில் ஒருவர் அரை மணி நேரம் ஆவேசமாகப் பேசுவதும் செய்தி சேகரிப்பதும் ஒன்றல்ல. நம் தோழர்களில் பலர் முன்னதைப் பகிர்ந்துவிட்டுப் பின்னதைப் படித்ததாக நினைத்துக்கொள்கின்றனர். வன்தட்டை ஆராய நாள்கள் பல வேண்டும், தொழில்நுட்பம் தெரிந்தவர் வேண்டும், வழக்கு வந்தால் தாங்கப் பணம் வேண்டும். ஆவேசத்துக்கு இவை எதுவும் தேவையில்லை.

அரசு இந்த வேறுபாட்டை நம்மைவிட நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறது. 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் செய்தியாளர்களின் வீடுகள் சோதனையிடப்பட்டு, ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா ஊபா சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அந்தக் கைது செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொல்ல ஏழு மாதங்களுக்கு மேலாயிற்று. அப்போது நூறாண்டை நெருங்கியிருந்த விகடனின் இணையதளமே ஒரு கேலிச்சித்திரத்துக்காக 2025 பிப்ரவரியில் முடக்கப்பட்டது. அப்படமில்லாமல்தான் அது திரும்ப முடிந்தது.

பீமா கோரேகான் வழக்கின் விசாரணை முழுமையாகத் தொடங்கினால், அந்த முந்நூறு சாட்சிகளும் மும்பைச் சிறப்பு நீதிமன்றக் கூண்டில் ஏறி இறங்க ஆண்டுகள் ஆகும். நாள்தோறும் அங்கே ஒரு செய்தியாளர் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் தர வேண்டும். புனேயிலும் மும்பையிலும் உள்ள நம் கிளைகள் ஆளுக்கொரு சந்தா என்று தொடங்கலாம். தனியாகக் கட்ட இயலாத தோழர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சந்தா கட்டலாம். இவ்வூடகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் எழுதுகின்றன. ஆகவே கிளைக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த தோழர் ஒருவர் அந்த வாரத்தின் நீண்ட செய்திக் கட்டுரை ஒன்றைத் தமிழில் விளக்கிச் சொல்வதற்கென ஒதுக்குங்கள். எந்தக் கட்டுரை என்பதை முந்தைய கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.