அகலமா, நீளமா?

ஆண்டிபட்டி பக்கம், வைகை அணையில் வலை எடுக்கிறவருக்குப் படகு பறக்க வேண்டியதில்லை. ஈர வலையை இழுக்க ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும்போது கவிழாமல் இருந்தால் போதும். பரிசல் இன்றும் மவுசு குறையாமல் இருப்பது அதனால்தான். தட்டையான அடி, அகன்ற வட்டம்; முழங்காலளவு தண்ணீரிலும் மிதக்கும். ஆனால் துடுப்பு கொஞ்சம் பிசகினாலும் சுற்றும், எதிர்காற்றில் நகராது.

சரி, படகுக்கு மாறலாம் என்றால் பலரும் முதலில் கேட்பது எத்தனை அடி நீளம் என்று. கேட்க வேண்டியது அகலத்தை. 12 அடிப் படகின் அகலத்தை 3 அடியிலிருந்து 4 அடியாக்கினால், சாய்வை எதிர்க்க அதன் வடிவம் தரும் வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். ஓர் அடிக்கு இவ்வளவு லாபமா என்று தோன்றும், கணக்கு அப்படித்தான்.

கூரான அடி கடல் அலையைக் கிழிக்க நல்லது. அணைத் தண்ணீருக்குத் தட்டை அடியே தோது. அதிலும் ஓர் ஆபத்து உண்டு: ஓர் எல்லை வரை அசையாமல் நிற்கும், விளிம்பில் தண்ணீர் ஏறிவிட்டால் சட்டென்று கவிழும். எனவே பக்கச்சுவர் உயரமாக இருக்கட்டும்.

அடுத்தது பாரம். கம்பம் தாண்டிக் குமுளி ஏறினால் தேக்கடி ஏரி. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ‘ஜலகன்யகா’ என்ற புத்தம்புது இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாக அப்போது சொல்லப்பட்டது. சுற்றுலாப் படகானாலும் மீன்பிடிப் படகானாலும், எடை மேலே ஏற ஏறச் சாய்ந்த படகு நிமிர்வது கடினம்.

மீன் கூடை, ஐஸ் பெட்டி, வலை எல்லாம் அடித்தளத்தில்தான் இருக்க வேண்டும். உள்ளே தேங்கும் தண்ணீரை உடனுக்குடன் இறைத்துவிடுங்கள். படகு சாயும் பக்கமே அதுவும் ஓடி, இன்னும் சாய்க்கும். இருக்கைக்கு அடியில் மூடிய அறைகளில் நுரைப்பொருள் அடைத்திருந்தால், கவிழ்ந்தாலும் படகு மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம்.

விலை பேசும் முன் ஒரு சோதனை. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, வலையையும் ஏற்றி, இரண்டு பேர் ஒரே விளிம்போரம் நிற்கட்டும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது மிச்சமில்லை என்றால், அந்தப் படகு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.