ரெய்டு இருக்கு, பேக்கப் எதுக்கு?

போன ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல நடந்த கூத்து இது.

புனேல எங்க வீட்டு லினக்ஸ் பொட்டியில ரெண்டு 1 டிபி டிஸ்க்கு, சாஃப்ட்வேர் ரெய்டு 1. ரெண்டுலயும் ஒரே சரக்கு. ஒண்ணு மண்டையப் போட்டா இன்னொண்ணு காப்பாத்தும். பையனோட முதல் பிறந்தநாள் வீடியோ, ஊர்க் கோயில் திருவிழா போட்டோ, இப்ப இல்லாத எங்கப்பா பேசின ஒரே கேசட்டோட ஆடியோ, எல்லாம் அதுலதான். "பேக்கப் எடுத்தாச்சா?"ன்னு தங்கமணி கேக்கும்போதெல்லாம், "அதான் ரெய்டு இருக்கே"ன்னு கெத்தா சொல்லுவேன்.

இன்னொரு லினக்ஸ் போட்டுப் பாக்குற ஆசையில, ஒரு டிஸ்க்கை ரெய்டுலேர்ந்து கழட்டி, அதோட பார்ட்டிஷனை 20 ஜிபி சுருக்கினேன். விளையாடி முடிச்சு 'ரீ-ஆட்' குடுத்தா, முடியாதுன்னுடுச்சு. சரின்னு 'ஆட்' குடுத்தா, "இந்த டிஸ்க்குக்கு அளவு பத்தாது"ன்னு ஒரே போடு.

காரணம் ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு டிஸ்க்குலயும் 'நான் இந்த ரெய்டோட ஆளு'ன்னு ஒரு அடையாளச் சீட்டு இருக்கும். சூப்பர்பிளாக்னு பேரு. நான் அமைச்சிருந்த பழைய 0.90 முறையில அது பார்ட்டிஷனோட கடைசியில இருக்கும். வாலை வெட்டினேன், சீட்டும் போச்சு. (புதுசா அமைச்சா வர்ற 1.2 முறையில சீட்டு தொடக்கத்துல, 4 கேபி தள்ளி இருக்கும்.) சீட்டு இல்லைன்னா 'ரீ-ஆட்' கிடையாது. மத்த டிஸ்க்குல ரெய்டு எடுத்துக்கிட்ட அளவை விட 20 ஜிபி குறைச்சலா இருந்தா 'ஆட்'டும் கிடையாது.

இங்கதான் எனக்குக் கோவம் வருது. நம்ம பொட்டி தட்டுற நண்பர்கள்கிட்ட கேட்டேன். உடனே வந்த பதில்: "எம்.டி.ஏ.டி.எம்-ல 'கிரியேட்' குடுத்துப் புதுசா கட்டிடு மச்சி, டேட்டா அப்படியே இருக்கும்!" அய்யா சாமி! பழைய ரெய்டு 0.90, புதுசா கட்டினா 1.2. டேட்டா தொடங்குற இடமே மாறிடும், ஃபைல் சிஸ்டம் காணாமப் போகும். ஒருவேளை டிஸ்க் பேரை மாத்திக் குடுத்துட்டா, கெட்ட டிஸ்க்குல இருக்குறதை நல்ல டிஸ்க்கு மேல எழுதிட்டு, 'நூறு சதவீதம் முடிஞ்சது'ன்னு பல்லை இளிக்கும்.

இதே ஆளுங்க ஆபீஸ்ல ஒரு பார்ட்டிஷனைத் தொடணும்னா அனுமதி, பேக்கப், சொதப்பினா திரும்புற வழின்னு மூணு பக்கம் எழுதுவாங்க. க்ளையண்ட்டோட விலைப்பட்டியலுக்கு அவ்வளவு மரியாதை. எங்கப்பா குரலுக்கு "குடுத்துப் பாரு மச்சி"யா?

சரி, நான் செஞ்சது இது. முதல்ல எதையும் தட்டல. 'எக்ஸாமின்' போட்டு ரெண்டு டிஸ்க்கும் என்ன சொல்லுதுன்னு எழுதி வெச்சுக்கிட்டேன். உயிரோட இருந்த ஒத்தை டிஸ்க்குலேர்ந்து எல்லாத்தையும் ஒரு வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். அப்புறம்தான் அந்த 20 ஜிபியை அழிச்சு, பார்ட்டிஷனைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, 'ஆட்' குடுத்தேன். முழுசா சின்க் ஆக மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரமும் நல்ல டிஸ்க்கை முதல்லேர்ந்து கடைசி வரை படிச்சுக்கிட்டே இருக்கும். பழசான டிஸ்க்கு படுக்கணும்னா அப்பத்தான் படுக்கும். வெளியில காப்பி இருந்ததால நான் நிம்மதியா சாப்பிட்டேன்.

நிஜமாவே சுருக்கணும்னா வரிசை இருக்கு: முதல்ல ஃபைல் சிஸ்டம், அப்புறம் ரெய்டு, கடைசியா பார்ட்டிஷன். பெருசாக்கணும்னா அப்படியே தலைகீழ். நான் நேரா கடைசிப் படியில கை வெச்சேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

1988-ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூணு பேரும் ரெய்டு பத்தி எழுதினது, விலை குறைஞ்ச டிஸ்க்குகளைச் சேர்த்து வேகமும் நம்பகமும் வாங்கத்தான். ஒரு டிஸ்க்கு செத்தாலும் வேலை நிக்காது, அவ்வளவுதான். நீங்க தப்பா ஒரு ஃபோல்டரை அழிச்சா அந்த நொடியே ரெண்டுலயும் அழியும். கண்ணாடி முன்னாடி நின்னு மீசையை எடுத்துட்டு, கண்ணாடிக்குள்ள மீசை இருக்கும்னு தேட முடியுமா?

"கூகுள் போட்டோஸ் இருக்கே"ம்பீங்க. கணக்கில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சது. அதோட போன்ல அந்த ஆப்புலயே அழிச்சா அங்கயும் அழியும். அதுவும் ஒரு கண்ணாடிதான்.

ஊரை விட்டு வந்த நமக்கு வேலை மாறும்போதெல்லாம் வீடு மாறுது. பீரோல ஆல்பம் வெச்சுக் காப்பாத்த இங்க பாட்டி இல்ல. இருக்குறது இந்தப் பொட்டி ஒண்ணுதான். அதனால ஒரு வெளி டிஸ்க்கு வாங்குங்க. காப்பி எடுத்துக் கழட்டி வைங்க. இன்னொண்ணை ஊருக்குப் போகும்போது அக்கா வீட்லயோ மாமனார் வீட்லயோ வெச்சுட்டு வாங்க. நான் பொங்கலுக்குப் போறப்ப திருச்சிக்கு ஒண்ணு கொண்டு போறேன்.

டிஸ்கி: "நான் அப்பவே சொன்னேன்ல?"ன்னு தங்கமணி இன்னும் சொல்லல. பார்வையிலயே சொல்லியாச்சு :-)