பிள்ளை பார்க்க வரிச்சலுகையாம். யாருக்கு?



வரவு செலவுத் திட்டக் காலம் நெருங்கினால் ஒரு கோரிக்கை முகநூலில் சுற்றத் தொடங்கிவிடும். "வெளிநாடுகளில் போல டே கெயார் காசை வருமான வரியில் கழித்துவிடுங்கள். வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பெரிய உதவியாக இருக்கும்." படித்தவர்கள் எழுதுகிறார்கள், நூறு பேர் பகிர்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் கணக்குப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நான் ஆசிரியை. கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியே பழக்கம்.

2025 ஏப்ரல் முதல் மாதம் 1,50,000 ரூபாய் வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. டே கெயார் கட்டணம் மாதம் 15,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது முழுவதையும் அரசாங்கம் கழிக்க விட்டால் யாருக்கு எவ்வளவு மிச்சம்?

மாதம் 4 இலட்சம் உழைப்பவர் 36 வீதப் படியில் நிற்கிறார். அவருக்கு மிச்சம் 5,400 ரூபாய்.
2 இலட்சம் உழைப்பவர் 6 வீதப் படியில் நிற்கிறார். மிச்சம் 900 ரூபாய்.
புடவைக்கடையில் 30,000 ரூபாய்க்கு நிற்கும் தங்கச்சிக்கு? பூச்சியம்.

கூட உழைப்பவருக்குக் கூட உதவி, குறைய உழைப்பவருக்கு ஒன்றுமில்லை. இதற்குப் பெயர் தாய்மாருக்கான சலுகையா?

யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் யார்? கடைகளில் நிற்பவர்கள், தையல் வேலை செய்பவர்கள், மீன் பதப்படுத்தும் இடங்களில் நிற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், சொற்பக் கொடுப்பனவுக்கு முன்பள்ளியில் படிப்பிக்கிறவர்கள். இவர்களில் வருமான வரி கட்டுகிறவர் எத்தனை பேர்? ஆனால் இவர்கள் வரியே கட்டுவதில்லை என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைக்கு வாங்கும் சவர்க்காரத்தின் விலைக்குள்ளும் 18 வீத வற் வரி இருக்கிறது. வரி வாங்கும்போது இவர்களைத் தெரிகிறது. சலுகை கொடுக்கும்போது மட்டும் தெரியாமல் போகலாமா?

வெளிநாட்டை உதாரணம் காட்டுகிறவர்கள் முழுவதையும் காட்டட்டும். கனடாவில் வரிக்கழிவு இருக்கிறது, உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. நாளொன்றுக்குச் சராசரி 10 டொலர் என்ற அளவுக்குக் கட்டணத்தைக் குறைக்க 2021 முதல் மத்திய அரசு மாகாணங்களுக்குக் காசு கொடுக்கிறது. பிரித்தானியாவில் வேலை செய்யும் பெற்றோர் தங்கள் கணக்கில் 8 பவுண் போட்டால் அரசு 2 பவுண் போடுகிறது. அதாவது அரசின் காசு அந்தக் கணக்குக்கே வருகிறது.

"எங்கட ஊரில் டே கெயார் எதற்கு, பிள்ளை பார்க்க உம்மம்மா இல்லையா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில். எங்கே உம்மம்மா? 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். திரும்பி வந்த குடும்பங்களில் பாதிச் சொந்தம் இன்னும் புத்தளத்தில். மகள் சோனகதெருவில், தாய் பாலாவியில். பக்கத்துத் தமிழ் வீடுகளைப் பாருங்கள். அம்மம்மா ரொறன்ரோவில் மூத்த மகளின் பிள்ளையைப் பார்க்கிறா. இங்கே இருக்கும் இளைய மகள் 84 நாள் பிரசவ லீவு முடிந்ததும் பிள்ளையை யாரிடம் விடுவது?

"தாய் வீட்டில் இருப்பதுதான் மார்க்கம்" என்று சொல்லும் சகோதரர்களே, நபி (ஸல்) அவர்கள் ஹலீமா (ரழி) அவர்களிடம் வளர்ந்தது உங்களுக்குத் தெரியாததா? செவிலித்தாயிடம் பிள்ளையைக் கொடுக்கலாம், ஆனால் அவளுக்குரியதை நியாயமாகக் கொடுத்துவிடுங்கள் என்பது அல்பகரா 233 ஆம் வசனத்தின் கருத்து. பிள்ளை பார்ப்பது கூலிக்குரிய வேலை என்பதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

இந்தச் செலவை இப்போது யார் கட்டுகிறார்கள் தெரியுமா? என் வரவுப் பதிவேட்டில் இருக்கிறது. உம்மா வேலைக்குப் போகும் நாளில் எட்டாம் வகுப்புப் பிள்ளை வரமாட்டாள். கேட்டால் "தம்பிக்குச் சுகமில்லை, ரீச்சர்" என்பாள். தம்பிக்குச் சுகமில்லாத நாட்கள் கூடக் கூட அவளுடைய புள்ளிகள் குறைகின்றன. வரி கட்டாத தாய்க்கு நாடு தராத உதவியை, ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் படிப்பிலிருந்து கட்டுகிறாள்.

அப்படியென்றால் என்ன கேட்க வேண்டும்?

ஒன்று. வரிச்சலுகை கொடுப்பதென்றால் முதலாளிக்குக் கொடுங்கள், நிபந்தனையோடு. கம்பனி வரி 30 வீதம். பராமரிப்பு நிலையத்துக்குச் செலவழிக்கும் 100 ரூபாயை இரட்டிப்பாகக் கழிக்க விட்டால் வரியில் 30 ரூபாய்க்குப் பதில் 60 ரூபாய் குறையும். ஒரு வீதியில் உள்ள பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு நிலையம் நடத்தினாலும் அது கிடைக்க வேண்டும்.

இரண்டு. வரி எல்லைக்குக் கீழே உழைக்கும் தாய்க்கு நேரடிக் கொடுப்பனவு. அஸ்வெசும காசு வங்கிக்குப் போகிறதுதானே? அதே வழி போதும்.

மூன்று. முன்பள்ளிகள் மத்தியானத்தோடு மூடுகின்றன. கடை பூட்ட இரவாகிறது. அந்தக் கட்டடங்களைப் பின்னேரம் 6 மணி வரை திறந்து வைக்க மாநகர சபையும் பிரதேச சபைகளும் முன்வர வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் யோசிக்கலாம். மதரஸா முடிந்தபின் பூட்டிக்கிடக்கும் மண்டபங்கள் எத்தனை?

நான்கு. அங்கே பிள்ளை பார்க்கும் பெண்ணுக்குச் சட்டப்படியான ஆகக்குறைந்த சம்பளமும் ஈ.பி.எஃப்.பும். ஒரு தாயின் சுமையை இறக்க இன்னொரு தாயைச் சுரண்ட வேண்டாம்.

2025 மே மாதம் வாக்குக் கேட்டு வந்த சபை உறுப்பினர்கள் எல்லோருடைய இலக்கமும் உங்கள் ஃபோனில் இருக்கும். அடுத்த முறை "வரிக்கழிவு வேண்டும்" என்ற பதிவைப் பகிர முன்னர் அவர்களுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். புடவைக்கடையில் நிற்கும் தங்கச்சிக்கு இதில் எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள். பூச்சியம் என்றால் அந்தத் திட்டம் எங்களுக்கு வேண்டாம், வேறு கொண்டுவாருங்கள் என்று சொல்லுங்கள்.