கட்டற்ற மென்பொருளில் தமிழாய்வாளரின் பங்கு

முன்னுரை

தமிழ்க் கணிமை குறித்த கட்டுரைகள் பெரும்பாலும் கருவிகளின் பயனைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. அக்கருவிகளை ஆக்குவதில் தமிழ்த்துறைகளுக்கு உரிய பங்கு யாது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. எவரும் பயன்படுத்தவும் படித்தறியவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். அத்தகைய திட்டங்களில் பங்களிப்பது தமிழாய்வாளருக்கு ஓய்வுநேரத் தொண்டு அன்று, ஆய்வுப் பணியே. அதனைத் தமிழ்த்துறைகள் அவ்வாறே மதித்து ஏற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முன்னோடி முயற்சிகள்

மென்பொருள் அன்றெனினும் இந்நெறியில் அமைந்த முன்னோடி முயற்சி மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய அதனை முன்னின்று நடத்திய முனைவர் கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலறிஞர். பனுவல்களைத் தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள். இன்று சங்க இலக்கியச் சொல்லாட்சியை ஆய்வோர் பலரும் அப்பனுவல்களில்தான் சொல் தேடுகின்றனர்.

ஓப்பன்-தமிழ் என்னும் நிரல்தொகுப்பு மற்றொரு சான்று. 'தமிழ்' என்னும் சொல்லில் நாம் காண்பவை மூன்று எழுத்துகள். ஒருங்குறியிலோ அது ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. அக்குறியீடுகளை மீண்டும் தமிழெழுத்துகளாகப் பகுத்துத் தரும் வசதி அத்தொகுப்பில் உண்டு. அசை பிரிக்கும் எந்த நிரலுக்கும் இதுவே முதற்படி. யாப்பிலக்கணம் பயின்றவர் தொடரவேண்டிய பணி அங்கிருந்து தொடங்குகிறது.

இலக்கண அறிவு வேண்டப்படும் இடங்கள்

பங்களிப்பு என்றவுடன் நிரல் எழுதுதலே நினைவுக்கு வருகிறது. உண்மையில், தமிழ்க் கருவிகளுக்குப் பல இடங்களில் வேண்டுவது இலக்கண அறிவு. லிப்ரெஆபிஸ், பயர்பாக்ஸ் ஆகியவற்றில் பயன்படும் ஹன்ஸ்பெல் என்னும் பிழைதிருத்தி, முதலில் அங்கேரிய மொழிக்காக உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு மொழிக்கும் அது இரண்டு கோப்புகளைக் கொண்டு இயங்குகிறது. ஒன்று சொற்பட்டியல், மற்றொன்று, எச்சொல் எவ்வொட்டை எத்திரிபுடன் ஏற்கும் எனக் கூறும் விதித்தொகுப்பு. 'மரம்' என்பது உருபேற்கையில் ஈற்று மகரம் கெட்டு, அத்துச் சாரியை பெற்று 'மரத்தை' என்றாகும். பன்மையில் 'மரங்கள்' என்றாகும். இவ்விதியை வகுப்பதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. நன்னூற் புணரியலில் பயிற்சி போதும்.

இதனினும் கடினமானது வல்லினம் மிகுதல். 'குதிரை பெரிது' என்பது எழுவாய்த்தொடர், வல்லினம் மிகாது. குதிரையின் கால் என்னும் பொருளில் 'குதிரைக்கால்' என மிகும். ஈரிடத்தும் நிலைமொழி ஒன்றே. வருமொழி முதல் வல்லினமே. வேறுபாடு தொடருறவில் உள்ளது. எழுத்தை மட்டும் நோக்கும் நிரல் இதனைத் தீர்மானிக்க இயலாது. தொடருறவு குறிக்கப்பட்ட தரவு வேண்டும். பன்மொழிகளுக்கும் பொதுவான முறையில் தொடருறவைக் குறிக்கும் யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் திட்டத்தில், பிராகா நகரின் சார்லசு பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ்த் தொகுப்பு 600 தொடர்களைக் கொண்டது. வேற்றுமைத்தொகையையும் உம்மைத்தொகையையும் இளங்கலையிலேயே பிரித்தறியப் பழகும் மாணவர்களைக் கொண்ட நம் துறைகள் இத்தகைய தரவைப் பன்மடங்காக்க முடியும்.

பதிப்பு மரபும் களஞ்சிய முறையும்

இத்திட்டங்களின் நடைமுறையும் நமக்கு அயலானதன்று. உ.வே. சாமிநாதையரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் கருதிப் பதிப்பித்தனர். மூலநிரல் களஞ்சியத்திலும் ஒவ்வொரு திருத்தமும், செய்தவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றோடு பதிவாகிறது. பழைய வடிவம் அழிவதில்லை. திருத்தத்தைத் திட்டப் பொறுப்பாளர் ஆராய்ந்து, வினா எழுப்பி, நிறைவு கண்ட பின்னரே ஏற்கின்றனர். ஆய்விதழ்களின் மதிப்பீட்டு முறையும் இதுவே.

திண்டுக்கல் வட்டாரத்தின் தேவை

திண்டுக்கல் நகரின் பூட்டுத் தொழில், தோல் பதனிடும் தொழில், சின்னாளப்பட்டியின் சுங்குடிச் சேலை, நிலக்கோட்டையின் பூச்சந்தை, ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தை ஆகிய ஒவ்வொன்றும் தனக்கெனச் சொல்வளம் உடையது. களப்பணியில் திரட்டப்படும் இத்தகைய சொற்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகி நூலகத்தில் தங்கிவிடுகின்றன. ஆய்வேடு சோத்கங்காவில் ஏற்றப்பட்டாலும், பக்கப்படமாக உறைந்த சொற்பட்டியலைக் கருவிகள் எளிதில் எடுத்தாள இயலாது. அதே பட்டியல் பொருள், சொல்வகை, வழங்கிடம் ஆகிய குறிப்புகளுடன், தகவலாளரின் ஒப்புதல் பெற்று, விக்சனரியில் இடம்பெறுமானால் அடுத்த ஆய்வாளருக்கும் பிழைதிருத்திக்கும் ஒருங்கே பயன்படும். இல்லையேல், பட்டறைத் தொழிலாளி நாள்தோறும் வழங்கும் சொல்லைக் கணினி பிழையெனச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும்.

1956இல் ஊரக நிறுவனமாகத் தொடங்கி 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமம், கற்பித்தல், ஆய்வு, விரிவாக்கப் பணி ஆகிய மூன்றையும் இணைத்துக் காணும் மரபுடையது. களத்தில் பெற்ற சொல்லைப் பொதுவுடைமையாக மக்களுக்கே திருப்பித் தருதல் அம்மரபின் இயல்பான நீட்சியாகும்.

மறுப்புகளும் விடையும்

பொதுவெளியில் இட்ட உழைப்பைப் பெருநிறுவனங்கள் கவர்ந்துகொள்ளும் என்பர். இவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும், வழிவந்த ஆக்கங்களும் அதே உரிமத்தில் வெளியாக வேண்டும் என நிபந்தனையிடும் உரிமங்கள் உள்ளன. அவற்றைத் தேர்வது பங்களிப்பாளரின் கடமை. அவை தீமையை முற்றும் தடுக்கா. எனினும் பூட்டிவைத்த தரவு தமிழுக்கே பயன்படாமற் போவதைவிட இது மேலானது.

காலமின்மை என்னும் மறுப்பே வலியது. உதவித்தொகைக் காலத்திற்குள் ஆய்வேட்டை முடிக்கவேண்டியவர், மதிப்பெண் பெறாத பணிக்கு மாதங்களைச் செலவிடத் தயங்குவது இயல்பு. எனவே மாற்றம் தனிமனிதரின் ஆர்வத்தை மட்டும் சார்ந்திருத்தல் ஆகாது. முனைவர் பட்டத்திற்கு முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்னும் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் விலக்கியது. அதனால் கிடைத்த இடைவெளியைத் துறைகள் பயன்படுத்தலாம். ஆய்வுக்குழுவின் அரையாண்டு மதிப்பீட்டில் ஏற்கப்பட்ட பங்களிப்புகளைக் கணக்கிடலாம். முதுகலையில் ஒரு பருவத் திட்டப்பணியாக விதித்தொகுப்பு ஆக்கத்தையோ தரவுக் குறிப்பையோ வழங்கலாம். களஞ்சியப் பதிவுகளையே சான்றாகக் கொள்ளலாம்.

நிறைவுரை

கணினி எத்தகைய தமிழை ஏற்கும், எதனைப் பிழையென விலக்கும் என்பதை இவ்விதிக் கோப்புகளும் தரவுகளும் முடிவு செய்கின்றன. அம்முடிவு இன்று யாரோ சிலரின் கையில் இருப்பது அவர்கள் பறித்துக்கொண்டதால் அன்று; நாம் சென்று அமராததால். வாயில் திறந்தே உள்ளது. முதற்படியாகத் துறைதோறும் ஓர் ஆய்வாளர், தம் ஆய்வேட்டின் பின்னிணைப்பு ஒன்றையேனும் இவ்வாண்டு உரிய ஒப்புதலுடன் திறந்த உரிமத்தில் வெளியிடட்டும்.