முட்டுச்சந்து: நடப்பவர் தலையில் ஒரு வரி

நகரம் வளர்கிறதாம்! 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-ல் சர்க்கார் உத்தரவு போட்டது. ஆறு வழிச் சாலை, மேம்பாலம், கண்ணாடி மாளிகை என்று விளம்பரம் தடபுடல்படுகிறது. நல்லது. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிற தொழிலாளி, கண்ணெதிரே தெரிகிற தன் வீட்டுக்கு எவ்வளவு தூரம் சுற்றிப் போகிறான்? இந்தக் கணக்கை எந்த மந்திரியாவது சொன்னதுண்டா?

பழைய மாமல்லபுரம் சாலையைப் பாருங்கள். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு வழிச் சாலை. 2008-ல் திறந்தார்கள். இருபுறமும் மாடமாளிகைகள். இதே வட்டாரத்தில்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய குடியிருப்புகளும் இருக்கின்றன. 2000-ம் ஆண்டு முதல், கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்த ஏழை ஜனங்களைப் பெயர்த்தெடுத்து இங்கே கொண்டுவந்து போட்டார்கள். அந்த மாளிகைகளைப் பெருக்குவதும் துடைப்பதும் காவல் காப்பதும் இவர்கள்தான்.

சென்ற மாதம் அங்கே வீட்டு வேலை செய்யும் ஒரு சகோதரியோடு நடந்தேன். அவர் வேலை செய்யும் மாடி கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. நடுவில் ஒரு மதில். மதிலைச் சுற்றி மெயின் ரோட்டுக்கு வந்து, வண்டிகளுக்கு இடையே ஒண்டி ஒண்டி நடந்து, மறுபக்கம் கேட்டுக்குப் போக வேண்டும். “காக்கா பறந்தா ரெண்டு நிமிஷம் அண்ணே, நாம நடந்தா அரை மணி” என்றார். கேட்டில் நின்ற காவலாளி, “குறுக்கே வழி இல்லை” என்றார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவரும் அதே மதிலைச் சுற்றித்தான் வேலைக்கு வருகிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேர்வழி 400 மீட்டர், சுற்றுவழி 1,600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 1,200 மீட்டர் அதிகம். போக வர 2.4 கிலோமீட்டர். வருஷத்தில் 300 நாள் வேலை என்றால் 720 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நடப்பதற்குச் சமம்! நாளுக்கு அரை மணி வீதம் வருஷத்துக்கு 150 மணி நேரம். எட்டு மணி ஷிப்டாகச் சொன்னால் 18 ஷிப்டுக்கு மேல். கூலியில்லாத ஷிப்ட்! ஆலையில் ஒரு ஷிப்டுக் கூலியை வெட்டினால் கேட்டை மறித்து நிற்கிறோம். தெருவில் 18 ஷிப்ட் பறிபோகிறது. “நம் தலைவிதி” என்று நடக்கிறோம்.

இது தலைவிதி அல்ல. அளந்து பார்க்கக்கூடிய அநியாயம். அளக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நம் பாஷையிலேயே அளவுகோல் இருக்கிறது: நாற்சந்தி, முச்சந்தி, முட்டுச்சந்து. நாற்சந்திக்கு நாலு, முச்சந்திக்கு மூன்று, முட்டுச்சந்துக்கு ஒன்று என்று எண் போடுங்கள். ஒரு பேட்டையில் பத்து இடம் எண்ணினோம். ஆறு நாற்சந்தி, நாலு முச்சந்தி. கூட்டினால் 36, சராசரி 3.6. இன்னொரு காலனியில் ஐந்து முச்சந்தி, ஐந்து முட்டுச்சந்து. கூட்டினால் 20, சராசரி 2. முதலாவது மீன்வலை மாதிரி. எந்தக் கண்ணியிலிருந்தும் எந்தக் கண்ணிக்கும் போகலாம். இரண்டாவது மரக்கிளை மாதிரி. பக்கத்துக் கிளைக்குப் போக அடிமரம் வரை இறங்கி ஏற வேண்டும். நகரம் கட்டுக்கோப்பாக வளர்கிறதா, கண்டபடி பரந்து சிதறுகிறதா என்பதை இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த விதமான கணக்கைத்தான் உலகம் முழுவதற்கும் போட்டு 2020-ல் வெளியிட்டார்கள். 1975-க்குப் பிறகு போடப்பட்ட தெருக்கள், உலகத்தில் பல பாகங்களில், வரவர ஒன்றோடொன்று தொடர்பற்றுப் போகின்றன என்று கண்டார்கள். அமெரிக்காவில் இந்த வியாதி 1994 வாக்கில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைந்தது என்று 2015-லேயே சொல்லியிருந்தார்கள். அங்கே கைவிடத் தொடங்கியதை இங்கே “உலகத் தரம்” என்று விற்கிறார்கள்!

இது எப்படி நடக்கிறது? கிராமத்துத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வயல் இருந்தபோது வரப்பு இருந்தது, வாய்க்கால் கரை இருந்தது, வண்டிப்பாதை இருந்தது. யார் வயலாயிருந்தாலும் வரப்பில் நடக்கலாம். வயல் மனையானதும் வாங்கியவன் தன் பட்டா எல்லையில் மதில் எழுப்புகிறான். மெயின் ரோட்டுக்கு ஒரு வாசல் வைக்கிறான். பக்கத்து மனைக்கு வழி விடுவதில்லை. அடுத்தவனும் அப்படியே. பத்துப் பேர் பத்துத் தீவு கட்டினால் நடுவே வழி எங்கிருந்து வரும்? மனைப்பிரிவு போட்டு விற்பவன் தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே நிலத்தில் அடுக்குமாடி வளாகம் எழுப்பினால் உள்பாதை வளாகத்தின் சொத்து! வெளியார் நுழையக்கூடாது என்று பலகை தொங்குகிறது.

பக்கிங்ஹாம் கால்வாயும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் குறுக்கே கிடக்கின்றன என்பார்கள். உண்மைதான். அவை இயற்கையும் பழைய காலமும் வைத்தவை. சதுப்பு நிலத்தைத் தொடவே கூடாது. ஆனால் மதிலையுமா இயற்கை வைத்தது?

“திறந்து விட்டால் அமைதி கெடும், குழந்தைகள் வண்டியில் அடிபடும்” என்பது அடுத்த வாதம். குழந்தைகள் விஷயம் நியாயமானதே. அதற்கு வழியில்லையா? அமெரிக்காவில் 1929-ல் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கட்டியவர்கள், மோட்டார் வண்டிக்கு முட்டுச்சந்து வைத்தார்கள். நடப்பவர்களுக்குத் தனிப் பாதை விட்டு எல்லாவற்றையும் இணைத்தார்கள். வண்டியைத் தடு, மனிதனைத் தடுக்காதே! இங்கே நடப்பது நேர்மாறு. கார் வந்தால் கேட் திறக்கிறது. கால்நடையாக வந்தால் மூடுகிறது.

“பஸ் விட்டால் தீர்ந்தது” என்பது மூன்றாவது வாதம். பஸ் வேண்டும்தான். ஆனால் முட்டுச்சந்துக்குள் பஸ் எப்படி நுழைந்து திரும்பும்? அது மெயின் ரோட்டோடு நின்றுவிடும். எல்லோரும் ஒரே ரோட்டில் வந்து விழுந்தால் நெரிசல். நெரிசலுக்கு மேம்பாலம். மேம்பாலத்துக்கு நம் வரிப்பணம்!

வேறுமாதிரி கட்ட முடியாதா? சென்னையிலேயே கட்டியிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் உருவான ஜார்ஜ் டவுனில் தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் இன்றும் குறுக்குத் தெருக்களால் பின்னிக் கிடக்கின்றன. வீட்டுவசதி வாரியம் அமைத்த அண்ணாநகரிலும் கே.கே. நகரிலும் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவில் போகலாம். வீடு இடியும், கட்டலாம். தெரு ஒருமுறை விழுந்தால் நூறு வருஷமானாலும் மாறுவது அபூர்வம். அதனால்தான் இன்று விட்டுவிட்டால் பேரப்பிள்ளைகளும் சுற்றித்தான் நடப்பார்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், பக்கத்துத் தெருக்களோடு இணையாத புதுத் தெருக்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்கமாட்டோம் என்று 2009-ல் விதி போட்டது. சில வருஷத்தில் அதைத் தளர்த்திவிட்டார்கள். விதி வந்தால் மட்டும் போதாது, காவல் இருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

ஆகவே நாம் கேட்பது இவை. வளாகம் எவ்வளவு பெரியதானாலும் ஜனங்கள் குறுக்கே நடக்கப் பொதுப்பாதை விட்டால்தான் அனுமதி. புதுத் தெரு பக்கத்து மனையின் எல்லை வரை போய், நாளை இணைய இடம் விட்டு நிற்க வேண்டும். தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த தெருவில் கேட் போட்டிருந்தால் அகற்ற வேண்டும். பழைய வண்டிப்பாதைகளை வருவாய்த் துறைப் பதிவேட்டைப் பார்த்து அளந்து மீட்க வேண்டும்.

தோழர்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் பேட்டையைச் சுற்றுங்கள். நாற்சந்தி எத்தனை, முச்சந்தி எத்தனை, முட்டுச்சந்து எத்தனை, எந்த மதிலால் எத்தனை அடி சுற்று என்று குறியுங்கள். அந்தக் கணக்கைக் கிராமசபையிலும் வார்டு கூட்டத்திலும் மேஜை மேல் வையுங்கள். “வளர்ச்சி” என்று பேசுகிறவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும்!