உறக்கத்தைத் திருடுவது கைப்பேசி மட்டுமா?



"பிள்ளை இரவெல்லாம் உறங்குவதில்லை ஐயா, எல்லாம் அந்தக் கைப்பேசியால் வந்த வினை." விடுமுறைக்குத் தங்காக் திரும்பும் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் சொல்லும் குறை இது. நானும் பல்லாண்டுகள் தலையாட்டியவன்தான். இனி ஆட்டமாட்டேன்.

சென்ற விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். கோலாலம்பூர்ப் பக்கம் படிக்கிறாள். கல்லூரிக்கு அருகில் வாடகை அறை தேடித் தொலைபேசியில் கேட்டாளாம். பெயரைச் சொல்லும்வரை அறை காலியாக இருந்தது. சொன்னதும் "போய்விட்டது" என்றார்கள். மூன்று வீடுகளில் இதே கதை. வாடகை விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டா' என்று கூசாமல் எழுதும் நாட்டில் இதில் வியப்பென்ன? இறுதியில் தொலைவில் ஓர் அறை கிடைத்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் பேருந்து. படுத்தால் அந்தக் குரல்களே காதில் ஒலிக்கின்றன என்றாள்.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட இளையோர்க்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் தேவை. அவமானத்தை அசைபோடும் மனம் உடலை விழிப்பிலேயே நிறுத்தி வைக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடையே நடந்த ஆய்வுகளும் இனப்பாகுபாட்டையும் உறக்கக் கேட்டையும் தொடர்புபடுத்தியுள்ளன. படித்ததை நினைவில் பதிப்பதே உறக்கந்தான் என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆயின. பூமிபுத்திராவுக்கு 90 விழுக்காடு என்ற கணக்கு மாறவில்லை. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்ற அனைவருக்கும் இனவேறுபாடின்றி இடமுண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் எட்டு ஏ வாங்கிய நம் பிள்ளை? "மற்றவரைவிட இருமடங்கு படி, தூக்கத்தைக் குறை" என்று நாம்தான் அவனிடம் சொல்கிறோம். அநீதியின் வட்டியைப் பிள்ளையின் உறக்கத்திலிருந்து கட்டச் சொல்கிறோம். அந்தப் பழக்கம் கல்லூரிக்கும் உடன் செல்கிறது.

அந்த மாணவியிடம் நான் முதலில் கேட்டதும், "கைப்பேசியை எத்தனை மணிக்கு அணைப்பாய்?" என்பதுதான். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பெற்றோர்களே, பகலில் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். வெளியில் அறை மறுக்கப்படும் பிள்ளைக்கு விடுதியில் இடந்தரும்படி கல்லூரிக்கு எழுதுங்கள். மலாய் மொழியில் எழுதத் தயங்குவோர் பள்ளி முடிந்ததும் என்னிடம் வாருங்கள்; எழுதித் தருகிறேன்.