ஆடுகளத்தில் திறன்பேசி

உடற்கல்விப் பாடவேளையில் திறன்பேசிச் செயலிகளைக் கையாளலாமா என்று கேட்பார் உளர். கையாளலாம், ஆனால் கருவி ஒன்றே போதும், அதுவும் ஆசிரியர் கையில்.

சடுகுடுவையே எடுத்துக்கொள்வோம். 1990-இல் பெய்சிங்கு ஆசிய விளையாட்டுகளில் இடம்பெற்ற ஆட்டம் அது. பாடி வருவோனுக்கு 30 நொடி. அதற்குள் எதிரணியார் எழுவரும் கைகோத்து அவனை வளைத்தல் வேண்டும். ஒருவன் முந்திப் பாய்ந்தாலும் கோவை அறுந்துபோகும். அறுந்தது எவ்விடத்தில் என்பதைக் களத்துள் நிற்கும் எழுவரும் காணார். ஒவ்வொருவனும் அடுத்தவனையே சாடுவான். அவ்வாட்டத்தைப் பதிந்து, விரைவைத் தணித்து ஓட்டிக் காட்டும் செயலி அவ்வழக்கை அங்கேயே தீர்த்துவைக்கிறது. தன் கால் பிழைத்ததைத் தானே கண்ட சிறுவனுக்கு ஆசிரியரின் அதட்டல் எதற்கு?

ஆளுக்கொரு கருவி கொடுத்து மரநிழலில் அமர்த்துவதோ கேடு. மூச்சடக்கிப் பாடவும், தோழனின் மணிக்கட்டை நழுவாது பற்றவும் எந்தத் திரை கற்பிக்கும்? பாடவேளையே குறுகியது, அதில் ஐந்து மணித்துளிக்குமேல் திரைக்கு ஈதல் தகாது.

இன்னொன்று. 'ரெய்டர்', 'டேக்கிள்' என்னும் சொற்களோடு வரும் செயலியை அப்படியே ஏற்பதா? பாடுதல் என்றும் பிடி என்றும் தெருவில் வழங்கும் பிள்ளை, பள்ளிக்கு வந்து அவற்றை மறக்கவோ? செயலி ஆக்கவல்ல தமிழிளைஞர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் முதலில் ஒரு மாலைப்பொழுது களத்தோரம் நின்று, ஆடுவோர் வாயில் வரும் சொற்களைக் குறித்துக்கொண்டு, பிறகு பணியைத் தொடங்கட்டும்.